முதல் துண்டை உண்டவர்

இக்குறிப்பை எழுதவேண்டிய கடப்பாடு எனக்கு உண்டு. மட்டக்களப்பு வாவிக்கரையில் உள்ள எங்கள் சிறுதெருவான ஒழுங்கையில் நாற்பது ஆண்டுகள் எனக்கு அயலவராக வாழ்ந்த, போர்த்துக்கீசர் வழிவந்த பறங்கிப் பெண்மணி ஒருவர், சென்ற ஆண்டு கடல் கடந்து சென்று அங்கேயே மறைந்தார். அவர் மறைந்த பின்னும் அவரைப் பற்றி இங்கு ஒரு பேச்சு ஓயவில்லை. பழுதான பன்றியிறைச்சியில் சொசேஜ் செய்து, விருந்தினர் வருமுன்னரே ஆசை மிகுதியால் தாம் உண்டு, அதனால் நோயில் வீழ்ந்தார் என்பது அப்பேச்சு. சந்தையில் கேட்டேன். தேவாலய வாயிலிலும் கேட்டேன். மரண வீடொன்றில் ஒருவர் நகைத்தபடி சொல்ல, நான் தலை குனிந்து அமர்ந்திருந்தேன். அப்பேச்சில் இரண்டு பொய்கள் உள்ளன. இறைச்சி பழுதானதன்று. அவர் முன்னர் உண்டது ஆசையாலுமன்று. இவற்றை அறிந்தவர் இவ்வூரில் இன்று நான் ஒருவனே. வாயால் சொல்லிப் பார்த்தும் பயன் விளையாமையால் எழுதுகிறேன்.

அவர் பெயரை எழுதவில்லை. தேவாலயச் செய்தித்தாளில் நன்றியுரையின்கீழ் தம் பெயர் வந்தபோதே வருந்தியவர் அவர். ஒழுங்கை முழுவதும் அவரை 'அன்ரி' என்று அழைத்தது. எனக்கும் அவருக்கும் ஏறக்குறைய ஒரே அகவைதான். ஆயினும் நானும் அவ்வாறே அழைத்தேன். அவர் என்னை 'மாஸ்டர்' என்றார். நான் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவன்.

மெலிந்த நெடிய உடல். கணுக்காலைத் தொடும் பூப்போட்ட கவுண். உப்பும் எலுமிச்சைச் சாறும் நெடுங்காலம் அரித்தமையால் விரல் நுனிகள் வெடித்திருந்தன. கணவர் தச்சர்; போர்க்காலத்தில் இறந்துபோனார். ஒரே மகள் ஆஸ்திரேலியாவின் மெல்பேணில் முதியோர் இல்லமொன்றில் இரவுப் பணி செய்கிறார். ஆகவே அவ்வீட்டில் இருந்தவர் அவர் மட்டுமே. கிறிஸ்து பிறப்பு நாளான நத்தாருக்கும் உயிர்ப்புப் பெருவிழாவுக்கும் எங்கள் ஊர்ப் பறங்கியர் வீடுகளுக்குச் சொசேஜ் செய்து கொடுப்பவரும் அவரே.

உப்பு வாங்குவதில் அவரைப் போன்ற ஒருவரை நான் கண்டதில்லை. பொதியில் அடைத்த தூளுப்பை ஏறெடுத்தும் பாரார். ஆனையிறவு உப்பளத்திலிருந்து சாக்கில் வரும் கட்டியுப்பே வேண்டும். அதுவும் மாரி தொடங்குமுன் வாங்கவேண்டும். சாக்கினுள் கையை விட்டு ஒரு பிடி அள்ளுவார், விரல்களை இறுக மூடி எண்ணிக்கொண்டு நிற்பார், பின்னர் திறப்பார். உள்ளங்கையில் ஒட்டினால் அந்தச் சாக்கு வேண்டா. ஒருமுறை நானும் உடனிருந்தேன்.

"அன்ரி, நீங்க உப்பு வாங்க வந்தீங்களா, பொம்பிள பாக்க வந்தீங்களா?" என்றார் கடைக்காரர்.

"பொம்பிள சரியில்லாட்டி ஒரு வீடுதான் கெடும் தம்பி. உப்பு சரியில்லாட்டி ஒரு ஒழுங்கையே கெடும். அடுத்த சாக்கத் திற."

வாங்கிய உப்பை உடனே பயன்படுத்த மாட்டார். பிரம்புக் கூடையில் இட்டு, அடியில் சட்டி வைத்து, அடுப்படியான குசினியின் மூலையில் ஓராண்டு கிடத்துவார். கசப்பு நீர் துளித்துளியாக வடிந்துவிடும். அடுத்த ஆண்டுதான் அவ்வுப்பு இறைச்சியைத் தொடும். சொசேஜ் அடைக்கும் குடலை உப்பும் எலுமிச்சையும் இட்டுக் கழுவும்போது கைக்கு வந்தபடி அள்ளுவார். இறைச்சிக்கு இடுவது மட்டும் தராசில் ஏறி இறங்கவேண்டும். மிளகு, கராம்பு, உள்ளி, புளிப்புக்குத் தென்னங்காடி எல்லாம் கண்ணளவு. உப்புக்கு மட்டும் நிறை.

"கை பொய் சொல்லும் மாஸ்டர். தராசுக்குப் பொய் சொல்லத் தெரியா" என்பார்.

முற்காலத்தில் இறைச்சியின் சிவப்பு மாறாதிருக்க நாட்டுமருந்துக் கடையில் ஒரு சிட்டிகை வெடியுப்பு வாங்கிச் சேர்த்ததுண்டாம். போர் மூண்ட பின், வெடிமருந்துக்கும் உதவும் வெடியுப்பைக் கையில் வைத்திருப்பதே ஆபத்தாயிற்று. அன்றிலிருந்து வெறும் கட்டியுப்புடன் நிறுத்திக்கொண்டார். சொசேஜ் கருநிறமாயிற்று. "என்ன அன்ரி, பறங்கிச் சாமான் இப்பிடிக் கறுத்துப் போச்சு?" என்று யாரேனும் சீண்டினால், "பறங்கியே கறுத்துப் போனம், அது கறுத்தா என்ன?" என்று முதலில் சிரிப்பவரும் அவராகவே இருப்பார்.

இனி அவருடைய அந்தப் பழக்கத்துக்கு வருகிறேன்.

நானும் என் மனைவியும் இவ்வொழுங்கைக்குக் குடிவந்த ஆண்டின் நத்தார். அவர் வீட்டில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடியிருந்தனர். நான் தீட்சை பெற்றவன், ஊன் உண்ணேன். எனக்கெனத் தனியே வாழைப்பழமும் முட்டை சேர்க்காத கேக்கும் வைத்திருந்தார். மேசையில் எல்லாம் அணியமாயிற்று. அப்போது அவர் ஒரு சொசேஜை மட்டும் பொரித்து, எங்கள் எல்லாருக்கும் முன்னால், நின்றபடியே முழுவதையும் உண்டார். பிறகு சட்டியை மூடினார். மேசைமேல் இருந்த சாவிக் கடிகாரத்தை எடுத்து, ஒரு மணிநேரம் கழித்து அடிக்குமாறு திருகிவைத்து, கதிரையில் அமர்ந்தார்.

எங்கள் வீடுகளில் விருந்தினர் கைகழுவிய பின்னரே வீட்டுக்காரி இலையில் அமர்வாள். கடைசி விருந்தினர் உண்ணும்வரை அவள் வாயில் ஒரு பருக்கைகூடப் படலாகாது. என் மனைவி என் காதருகே குனிந்து, "இஞ்ச பாருங்க, கூப்பிட்டுப்போட்டு இவ முதல்ல தின்னுறா. எங்கயாவது கண்டிருக்கிறீங்களா?" என்றாள். வயலின் வைத்திருந்த கிழவர் ஒருவர் பசியை மறக்க நாலைந்து பாட்டு வாசித்தார். மணி அடித்தது. அன்ரி எழுந்தார், அதன்பின்தான் மற்றவர்க்குப் பரிமாறினார். என் மனைவி அதன்பிறகு மூன்று ஆண்டுகள் அவ்வீட்டுப் படி ஏறவில்லை. நானும் அதனைப் பண்பாட்டுக் குறைவென்றே கருதினேன். இதனை மறைக்க விரும்பவில்லை.

ஏன் இவ்வாறு செய்கிறீர்கள் என்று கேட்டவர்களுக்கு அவர் வெவ்வேறு விடைகள் வைத்திருந்தார். ஒழுங்கைப் பெண்களிடம், "பசி புள்ள, தாங்கேலாது" என்பார். பங்குத்தந்தையிடம், "உப்புப் பாத்தன் ஃபாதர்" என்றாராம். உப்புப் பார்ப்பதற்கு ஒரு மணிநேரம் எதற்கு என்று அவரிடம் எவரும் கேட்கவில்லை.

என் மனைவி நோயுற்றுக் கிடந்த கடைசி மாதத்தில்தான் எனக்கு விடை கிடைத்தது. நாள்தோறும் காலையில் கஞ்சி காய்ச்சிக்கொண்டு வருவார். வாசற்படியில் அமர்ந்து, தம் கிண்ணத்தில் ஊற்றி முதலில் தாம் குடிப்பார். பிறகு கைகளை மடியில் வைத்துக்கொண்டு வாவியைப் பார்த்திருப்பார். நேரம் போனபின் உள்ளே வருவார்.

"அன்ரி, கஞ்சி ஆறிப் பச்சத்தண்ணி ஆயித்து" என்று என் மனைவி சிரிப்பாள்.

"ஆறினாக் குத்தமில்ல கிளி. குடி."

ஒருநாள் நான் படியில் அவரருகே அமர்ந்து, அரிசிக் கஞ்சியில் என்ன ஐயம் என்று கேட்டேன். அவர் குடித்த கிண்ணத்தைப் படியில் கவிழ்த்தார். பின்னர் சொன்னார்: "ஆக்கிறது என்ட கை. அதுல ஒரு பிழை கிடந்தா, அது முதல்ல என்ட வயித்துக்குத்தான் போகோணும். மத்தவன்ட பிள்ளைக்கு ஏன் மாஸ்டர்?"

அன்று மாலை அதனை என் மனைவியிடம் சொன்னேன். மறுநாள் கஞ்சியை அவள் மிச்சமின்றிக் குடித்தாள். அவள் போனபின் அவ்வொழுங்கையில் தனித்திருக்கும் வீடுகள் இரண்டாயின. காலையில் வேலிக்கு அப்பால் அவர் இருமுவார். இப்பால் நான் இருமுவேன். அதுவே நாங்கள் நலம் உசாவும் முறை.

"மாஸ்டர், உங்களுக்கெண்டு ஒரு வாழைப்பூ சொசேஜ் செய்யவா? சாமிக்குத் தெரியாது" என்று சில வேளை வேலிக்குமேல் குரல் வரும்.

"சாமிக்குத் தெரியாவிட்டாலும் நாக்குக்குத் தெரிந்துவிடுமே" என்பேன்.

ஐயமுற்ற சொல், அரச திணைக்களத்துக் கடிதம், மருந்துச் சீட்டு, எதுவாயினும் அவர் என்னிடமே கொண்டுவருவார். நான் சொல்வதை அப்படியே ஏற்பார். அந்த ஏற்பு எனக்கு இனிமையாக இருந்தது.

சென்ற ஆண்டு உப்பளங்களை மழை கெடுத்தது. கடைகளில் உப்பு இல்லை. ஒரு பொதி தூளுப்புக்கு மக்கள் வரிசையில் நின்றனர். அவருடைய கூடையிலிருந்த பழைய உப்பும் குடல் கழுவவே போதாத அளவுக்கு வந்துவிட்டது. அந்நேரம் பார்த்து அவருடைய கணவரின் மருமகள் முறையான ஒரு பெண், தன் குழந்தையின் திருமுழுக்கு விருந்துக்கு முப்பது பேருக்குச் சொசேஜ் வேண்டும் என்று கேட்டிருந்தாள். உப்பில்லை என்று மகளிடம் தொலைபேசியில் சொல்லியிருக்கிறார். மகள், "சொசேஜுக்கு எண்டே விக்கிற உப்பு மம்மி, போடுற அளவெல்லாம் பேப்பர்ல கிடக்கு" என்று சொல்லி, ஊருக்கு வந்த ஒருவரிடம் அதனை ஒரு போத்தலில் அனுப்பிவைத்தாள். வழியில் போத்தல் உடைந்துபோக, கொண்டுவந்தவர் உப்பை வெறும் பொலித்தீன் பையில் கொட்டிக் கொடுத்தார். பேப்பர் வந்து சேரவில்லை. மகளுக்கு இரண்டு நாள் அழைத்தும் இரவுப் பணியின் காரணத்தால் அவள் எடுக்கவில்லை.

மூன்றாம் நாள் காலை பையுடன் என் வீட்டுக்கு வந்தார்.

"மாஸ்டர், இது என்ன உப்பு? ரோஸ் கலராக் கிடக்கு."

நான் பையைத் திறந்தேன். மென்சிவப்பு நிறம். ஒரு கல்லை நாவில் வைத்தேன், உவர்த்தது. ஐயமே எழவில்லை. இந்துப்பு என்றேன். மலையில் வெட்டியெடுப்பது; மருத்துவ நூல்கள் உப்பு வகைகளுள் சிறந்ததாகக் கூறுவது; இப்போது கடைகளில் உடல்நலத்துக்கென விற்பதும் இதுவே. இவற்றையெல்லாம் விரித்துரைத்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"முந்தி நாங்க போட்ட வெடியுப்பு மாதிரிச் சாமானா இருக்காதா? அதெண்டா ஒரு சிட்டிகைதான்."

"வெடியுப்பு வெள்ளை. இது சிவப்பு. நிறமே சான்று" என்றேன்.

"அப்ப எவ்வளவு போடுற?"

"கடலுப்பு இடும் அளவே."

வாசல்வரை சென்றவர் திரும்பி வந்து, "அதே நிறைதானே மாஸ்டர்?" என்று மறுபடியும் கேட்டார். "அதே நிறைதான்" என்றேன். என் அறிவை இருமுறை ஐயுற்றார் என்று சிறு சினங்கூட எழுந்தது.

அவர் தராசில் நிறுத்தார். நான் சொன்ன நிறையை அணுவும் பிசகாது இட்டார்.

திருமுழுக்கு நாள் காலை. நான் நாளிதழ் படித்துக்கொண்டிருந்தேன். வேலிக்கு அப்பால் கடிகார மணி அடித்தது. வழமையாக உடனே நிறுத்திவிடுவார். அன்று அது சாவி முழுவதும் அவிழும்வரை அடித்து, இழுபட்டு ஓய்ந்தது. நான் எழுந்து சென்றேன். அவர் குசினிக் கதிரையில் சாய்ந்திருந்தார். இதழ்களும் நகங்களும் நாவற்பழம் உண்டதுபோல் நீலமாக இருந்தன. மூச்சு இளைத்தது. மேசைமேல் முப்பது பேருக்கான சொசேஜ், மேலே துணி மூடியபடி.

"ஒருத்தருக்கும் குடுக்காதீங்க" என்றார் முதலில். அடுத்து, "உப்புப் பையக் கொண்டாங்க. டாக்குத்தருக்குக் காட்டோணும்" என்றார்.

முச்சக்கரவண்டியில் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுசென்றோம். எடுத்த குருதி சொக்கலேற் நிறத்தில் இருந்ததை நான் கண்டேன். இளம் பெண் மருத்துவர் ஒருவர் பையைப் பார்த்தார். விரைந்து சில கேள்விகள் கேட்டார்; இந்துப்பு என்று இட்டதாக அன்ரி முனகினார். நீலநிற மருந்தொன்றை நரம்பில் ஏற்றினார். ஒரு மணிநேரத்தில் இதழ்களில் நிறம் திரும்பத் தொடங்கியது. பின்னர் அம்மருத்துவர் என்னிடம் விளக்கினார்.

"ஐயா, இது சாப்பாட்டு உப்பு இல்ல. இறைச்சி பதப்படுத்துற மருந்து கலந்த உப்பு. கிலோவுக்கு ஒரு துளிதான் போடோணும். சும்மா உப்பெண்டு நினைச்சு ஆரும் மாறிப் போட்டுரக் கூடாதெண்டுதான் இதுக்கு ரோஸ் நிறம் சேர்க்கிறாங்க."

எவரும் மயங்காதிருக்கச் சேர்த்த நிறத்தையே நான் சான்றாகக் காட்டியிருந்தேன்.

"பெரிய ஆள் ஒராள் ஒரு துண்டு தின்டதுக்கே இப்பிடி. சின்னப் பிள்ளையள் தின்டிருந்தா என்ன ஆகியிருக்கும்? இத இந்துப்பெண்டு ஆர் சொன்ன?" என்று அவர் கேட்டார்.

நான் வாய் திறந்தேன். அப்போது கட்டிலில் இருந்தவர், முகத்தில் இட்ட ஒட்சிசன் மூடியைக் கையால் சற்று விலக்கி, "ஆரும் சொல்லல்ல மகள். நான்தான் அப்பிடி நினைச்சன்" என்றார்.

நான் அதனை மறுக்கவில்லை. அன்று மறுத்திருந்தால் இவ்வெழுத்துக்குத் தேவையே நேர்ந்திராது.

இரண்டாம் நாள் வீடு திரும்பினார். சொசேஜ் முழுவதையும் கொல்லையில் ஆழத் தோண்டிப் புதைக்கச் செய்தார். விருந்து வீட்டாருக்குச் சினம். சோறும் கோழிக்கறியும் இருந்தும், அன்ரியின் சொசேஜ் இல்லாத விருந்தென்று விருந்தினர் முணுமுணுத்தனராம். பழுதான இறைச்சி என்ற கதை அன்றே பிறந்தது. 'முதல்ல தின்டா, அவவுக்கே வந்திச்சு' என்ற நகைப்பு அதனோடு சேர்ந்துகொண்டது. முப்பது பேர் உயிருடன் கைகழுவியது எதனால் என்பதை அவர்களுள் எவரும் எண்ணிப்பார்க்கவில்லை.

நான் ஒருநாள் மாலை வேலியருகே சென்று, உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன்.

"எதுக்கு?" என்றார்.

"பழி உங்கள்மேல் கிடக்கிறதே."

"கிடக்கட்டும். சொன்னா, மறுகா ஒருத்தரும் உங்கட்ட ஒண்டும் கேக்க வராதுகள் மாஸ்டர். கடிதம் வாசிக்க, பெயர் வைக்க, பள்ளிக்கூடப் படிவம் நிரப்ப எண்டு வந்துபோகுதுகள். அதுவும் நிண்டா உங்கட வாசலில ஆர் ஏறுவா? எனக்குத் தெரியும், ஆள் வராத வீடு எப்பிடியெண்டு."

நான் நன்றி சொன்னேன். இன்று நினைக்க நாணும் ஒரு சொல் அது.

உண்மையில் அவர் வீட்டுக்கு அதன்பின் ஆள் வரவில்லை. ஒரு ஞாயிறு காலை பொரிக்கும் மணம் வந்தது. எங்கிருந்தோ நல்ல உப்புக் கிடைத்திருக்கவேண்டும். வேலி இடுக்கால் பார்த்தேன். ஒரு துண்டை உண்டார், கடிகாரத்தைத் திருகினார், கதிரையில் அமர்ந்தார். மேசையில் ஆறு தட்டுகள் கவிழ்த்து வைத்திருந்தன. யாரை அழைத்திருந்தாரோ அறியேன். மணி அடித்தது. எவரும் வரவில்லை. சற்றுநேரம் பார்த்திருந்து, தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து அலுமாரியில் வைத்தார். ஊன் உண்ணாதவன் என்ற காரணம் எனக்குக் கைவசம் இருந்தது. நான் அப்பால் செல்லவில்லை.

ஆவணியில் மகள் வந்து அழைத்துச் சென்றாள். வண்டியில் ஏறுமுன் என் வேலிப் படலையைத் தட்டி, "வாறன் மாஸ்டர். இருமினா மருந்து குடிங்க" என்று மட்டும் சொன்னார். நத்தார் வருமுன் அங்கே இறந்தார். அகவை முதிர்ந்த உடல். இதயம் நின்றுவிட்டதென மகள் தொலைபேசியில் சொன்னாள். உப்பைப் பற்றி அவள் ஒன்றும் பேசவில்லை. தாய் அவளிடமும் என்னைச் சொல்லவில்லை என்று அப்போது உணர்ந்தேன்.

அடுத்த நாளே விருந்து வீட்டுப் பெண்ணிடம் சென்றேன். நடந்ததை முதலிலிருந்து சொன்னேன்: பையை நான் பார்த்ததை, இந்துப்பு என்றதை, அதே நிறை என்று இருமுறை உறுதி கூறியதை. அவள் குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டு என்னை இரக்கத்துடன் பார்த்தாள்.

"சும்மா இரிங்க மாஸ்டர். செத்த மனுசிக்காக நீங்க ஏன் பழி சுமக்கிறீங்க? உங்களப் போல படிச்ச மனுசன் அப்பிடிச் சொல்லியிருப்பாரா?"

"சொன்னேன் பிள்ளை. நான்தான் சொன்னேன்."

"ஓம், ஓம். தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க."

மறுநாள் சந்தையில், என் பெருந்தன்மையை ஒருவர் என்னிடமே புகழ்ந்தார். அயலவளின் பெயரைக் காக்கத் தம் பெயரைக் கொடுக்கத் துணிந்த தங்கமான மனிதர் என்றார். தேவாலயத்திலும் சொன்னேன், அங்கும் அவ்வாறே நிகழ்ந்தது. நான் உண்மை உரைக்குந்தோறும் என் பெயர் உயர்ந்தது. அவர் பெயர் இருந்த இடத்திலேயே கிடந்தது. அவர் என்மேல் வைத்திருந்த அதே நம்பிக்கையைத்தான் ஊரும் என்மேல் வைத்திருக்கிறது. அதனைக் கடந்து உண்மையை ஏற்றும் வழி எனக்குத் தெரியவில்லை. அச்சில் ஏறியதையேனும் நம்புவார்களா என்று பார்க்கிறேன்.

இக்குறிப்பில் பிழைகள் இருக்கக்கூடும். நாங்கள் குடிவந்த ஆண்டின் நத்தாரில் வயலின் வாசித்தவர் யார் என்பது எனக்கு மறந்துவிட்டது. சொசேஜைத் தம் வீட்டு மொழியில் அவர் 'லிங்குஸ்' என்றாரா, வேறொரு சொல்லால் குறித்தாரா என்பதில் உறுதியில்லை. பறங்கியர் இல்லங்களில் அறிந்தோர் தெரிவிக்கவேண்டும். மருத்துவரின் சொற்களை நினைவிலிருந்தே எழுதியுள்ளேன். மருத்துவம் கற்றோர் குறை கண்டால் பொறுத்துத் திருத்துக. உப்பின் இயல்பைப் பற்றி நான் எழுதிய எதனையும் என் சொல்லை மட்டும் கொண்டு நம்பவேண்டா. அறிந்தவரைக் கேட்டுத் தெளிக. சுட்டிக்காட்டும் எப்பிழையையும் நன்றியுடன் திருத்திக்கொள்வேன். என்மேல் அன்புடையோர் ஒன்றை மட்டும் திருத்த முனையாதிருக்க வேண்டுகிறேன். 'அதே நிறைதானே' என்று திரும்பி வந்து கேட்டவர் அவர். 'ஆம்' என்றவன் நான்.